லிண்டனா எல்எஸ்50யா: நடு முற்றம் இருக்கற வீட்டுல ரெண்டு ஸ்பீக்கரையும் கேட்டுப் பாத்தேன்

முதல்லயே முடிவ சொல்லிடுறேன். வாங்குனது வார்ஃப்டேல் லிண்டன் ஸ்பீக்கர், கூட ரீகா ப்ரியோ ஆம்ப்ளிஃபையர். ஆனா திருச்சியில டீலர் கடையில உக்காந்து கேட்டப்ப எனக்கு ரொம்ப புடிச்சது லிண்டன் இல்ல, கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா. வீட்டுக்கு கொண்டாந்து வச்சு கேட்ட பிறகு தான் முடிவு தலைகீழா மாறுச்சு, அதனால இந்த ரிவ்யூல பாதி ஸ்பீக்கர பத்தி, பாதி அந்த டீலர் பண்ற வீட்டு டெமோவ பத்தி. கும்பகோணம் மாயவரம் தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் இருந்துகிட்டு லட்சத்துக்கு மேல ஸ்பீக்கர்ல போடப் போறீங்கன்னா தயவுசெஞ்சு வீட்டுல வச்சு கேக்காம வாங்காதீங்க. சென்னையில இருக்கவங்க நாலு கடை ஏறி இறங்கி கேக்கலாம், நமக்கு அந்த வசதி கிடையாது. அத விட முக்கியம், நம்ம ஊரு பழைய வீடு எந்தக் கடையோட டெமோ ரூம் மாதிரியும் இருக்காது.

எங்க வீடு ஆடுதுறை பக்கம், தாத்தா கட்டுன ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவுல முத்தம் (முற்றம்), பின்னாடி கொல்லை. கூடத்துக்கு சிவப்பு ஆக்சைடு தரை, சுண்ணாம்பு பூசுன செவுரு, நாலு தேக்குத் தூணு, ஒரு பக்கம் பூரா முத்தத்த பாத்து தொறந்து கெடக்கும், முத்தத்துக்கு மேல கம்பி மட்டும் தான், மழை பேஞ்சா உள்ள விழும். இந்த மாதிரி எடத்துல ரெண்டு வேலை ஒண்ணா நடக்குது. தரையும் செவுரும் கெட்டியா வழவழன்னு இருக்கறதால மேல் சுருதி எல்லாம் பட்டு பட்டு திரும்பி வரும், தாளம் போட்டா கூட கணீர்னு கேக்கும். ஆனா பேஸ், அதாவது கீழ் சுருதி, தங்காது, முத்தம் வழியா மேல போயிடும். ஹார்வர்டுல வாலஸ் சபைன்னு ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார் 1890கள்ல ராத்திரி நேரத்துல ஆர்கன் குழாய ஒலிக்க விட்டு, தியேட்டர் சீட்டு மெத்தைய எல்லாம் தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டு, சத்தம் அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஸ்டாப் வாட்ச்ல அளந்தாரு. எந்தப் பொருள் எவ்ளோ சத்தத்த முழுங்கும்னு சொல்ல அவரு அளவுகோலா வச்சதே தொறந்த ஜன்னல தான், ஏன்னா அதுல போன சத்தம் திரும்பி வராது. எங்க வீட்டுல ஒரு செவுரே தொறந்து கெடக்கு, அப்ப கணக்கு போட்டுக்கங்க.

கடை டெமோ ரூம் இதுக்கு நேர் எதிர். தரையில கார்பெட், செவுத்துல பேனல், கனமா திரை, கதவு சாத்தி ஏசி போட்டு ஒரு சின்ன ரூம். அதுல எல்எஸ்50 பேசுனது இன்னும் எனக்கு காதுல நிக்குது, பாடறவரு மூச்சு இழுக்கறது கூட நடுவுல ஒரே புள்ளியில தெரிஞ்சுது. அதே ரூம்ல லிண்டன போட்டா மிருதங்கத்தோட தொப்பி, அதாவது இடது பக்கம், ஒரே ஊதலா இருந்துச்சு, பேஸ் குடுக்கற எட்டு இஞ்ச் வூஃபர் அந்த ரூமுக்கு ஜாஸ்தி. இதுக்கு முன்னாடி வேற ஒரு ஊர்ல ஒரு கடையில "ஷோரூம்லயே கேட்டுக்கங்க சார், வீட்டுக்கெல்லாம் அனுப்பறது இல்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. இந்த திருச்சி டீலர் தான் நான் கேக்கறதுக்கு முன்னாடியே "ரெண்டையும் வீட்டுக்கு கொண்டு போங்க சார், கேட்டுட்டு சொல்லுங்க"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மேல எனக்கு பெரிய மரியாதை.

கண்டிஷன் என்னன்னா, கொஞ்சம் டெபாசிட், ஆதார் ஜெராக்ஸ், வண்டிக்கூலி நம்ம பொறுப்பு, வாங்குனா அத பில்லுல கழிச்சுடுவாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறக்குனா திங்கக்கிழமை காலையில எடுத்துப்பாங்க. டெமோக்குன்னே வச்சிருக்கற பீஸ் தான் வரும், சீல் பிரிக்காத பாக்ஸ் வராது, அது நல்லது தான், ஏற்கனவே ஓடிப் பழகுன ஸ்பீக்கரா இருக்கும். கீறல் விழுந்தா, மேல் சுருதி குடுக்கற ட்வீட்டர் போச்சுன்னா யாரு எவ்ளோ குடுக்கணும்னு பேப்பர்ல தெளிவா எழுதி கையெழுத்து வாங்குனாங்க. இது இல்லாம வாய்ப்பேச்சா எடுத்துட்டு வந்துடாதீங்க, வீட்டுல குழந்தைங்க இருந்தா இன்னும் ஜாக்கிரதை, எல்எஸ்50ல ட்வீட்டர் கோனோட நடுவுலயே இருக்கும், பாத்தா விரல் வச்சு அமுக்கணும்னு தான் தோணும்.

வந்த பையன் நல்ல பையன், ஆனா அவசரம். "சார் செவுத்தோட ஒட்டி வச்சா தான் பேஸ் வரும்"னு லிண்டன செவுத்துல ஒட்டியே வச்சுட்டான். லிண்டனுக்கு காத்து வர்ற ஓட்டை ரெண்டும் பின்பக்கம், ஒட்டி வச்சா அது மூச்சு விட எடம் இருக்காது. அவன் போனதும் டேப் வச்சு அளந்து ரெண்டு அடிக்கு மேல முன்னாடி இழுத்தேன், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற தூரமும் நான் உக்காருற நாற்காலிக்கு இருக்கற தூரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வர்ற மாதிரி. லிண்டனுக்கு அதுக்குன்னே ஸ்டாண்ட் வருது, அடியில எல்பி ரெக்கார்டு அடுக்கிக்கலாம், அது வந்துடுச்சு. எல்எஸ்50க்கு ஸ்டாண்ட் கொண்டு வரல, வீட்டுல இருந்த மர ஸ்டூல் மேல வச்சு, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர்ற வரைக்கும் கீழ பலகை குடுத்து தூக்குனேன். டெமோன்னா ஸ்டாண்டும் சேந்து வரணும், இது அந்த டீலர்கிட்டயும் சொல்லிட்டேன்.

கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை கட்டாயம் பண்ணுங்க, சத்தத்த சமம் பண்ணுங்க. சென்சிடிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்கும்ங்கற அளவு, எல்எஸ்50 மெட்டாவுக்கு 85 டெசிபல், லிண்டனுக்கு 90. அதாவது வால்யூம் நாப் ஒரே எடத்துல இருந்தா லிண்டன் அஞ்சு டெசிபல் கூட கத்தும், மனுஷன் காதுக்கு கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவுமே நல்லா இருக்கற மாதிரி தான் படும். ஒரு டெசிபல் வித்தியாசத்துக்கே காது ஏமாந்துடும். ஃபோன்ல சத்தம் அளக்குற ஆப் ஒண்ணு போட்டு, பிங்க் நாய்ஸ்னு சொல்ற ஒரே சீரான இரைச்சல ஓட விட்டு, உக்காருற எடத்துல ஃபோன வச்சு ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நம்பர் வர்ற வரைக்கும் திருப்பி, நாப் எங்க நிக்குதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டேன். ஆப் காட்டற நம்பர் துல்லியமா இல்லாட்டியும் பரவால்ல, ரெண்டையும் ஒப்பிடத்தான வேணும்.

எங்க வீட்டுல கேக்கறது தொண்ணூறு சதம் நாயனம், தவில், வாய்ப்பாட்டு, வீணை. நரசிங்கம்பேட்டை எங்களுக்கு கூப்பிடு தூரம், நாதஸ்வரம் செய்யற ஊரு, 2022ல புவிசார் குறியீடு கூட கெடச்சுது. ஆச்சா மரத்துல கடையற அந்த வாத்தியத்த, வாயில வச்சு ஊதற திருவாவடுதுறை சீவாளி வச்சு, திருவிடைமருதூர் கோயில் தைப்பூசத்துல தொறந்த வெளியில நின்னு கேட்டு வளந்த காது இது. அதனால ஸ்பீக்கர்ல பியானோ நல்லா இருக்கா கிட்டார் நல்லா இருக்காங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம், நாயனத்தோட அந்த முரட்டு மூச்சும் தவில்ல விழற அடியும் வருதா, அது தான் கேள்வி. இணையத்துல வர்ற ரிவ்யூ எதுலயும் யாரும் தவில் போட்டு ஸ்பீக்கர் டெஸ்ட் பண்றது இல்ல, நாமளே தான் பண்ணிக்கணும்.

கூடத்துல எல்எஸ்50 போட்டப்ப முதல்ல நாயனம் மட்டும் வாசிக்கற ஆலாபனை. அழகு, ஒரு குறையும் இல்ல, ஒவ்வொரு கமகமும் இழை இழையா தெரிஞ்சுது. தவில் சேந்ததும் தான் ஏதோ ஒண்ணு கம்மின்னு தோணுச்சு. தெருவுல வயசான நாயனக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர கூப்பிட்டு உக்கார வச்சேன், எந்த ஸ்பீக்கர் எவ்ளோ வெலைன்னு எதுவும் சொல்லல. கண்ண மூடி கேட்டுட்டு "தம்பி, வலந்தலை நல்லா பேசுது, விரல்ல கூடு மாட்டியிருக்கறது வரைக்கும் தெரியுது. கழி எங்கப்பா?"ன்னாரு. தவில்ல வலந்தலைய கூடு போட்ட விரலால வாசிப்பாங்க, தொப்பிய கழியால அடிப்பாங்க. அந்த கழி விழறப்ப நெஞ்சுல ஒரு தட்டு தட்டும் பாருங்க, அது வரல. சத்தம் வருது, கனம் வரல.

கம்பெனி குடுத்திருக்கற அளவ பாத்தாலே இதுக்கு காரணம் தெரியும். ஹெர்ட்ஸ் நம்பர் கொறைய கொறைய பேஸ் ஆழம்; எல்எஸ்50 மெட்டா 79 ஹெர்ட்ஸ் வரைக்கும் சமமா போகும், அதுக்கு கீழ சரிய ஆரம்பிச்சு 47ல ஆறு டெசிபல் கொறஞ்சுடும். லிண்டன் 40 வரைக்கும் சமமா இறங்கும். மூடுன சின்ன ரூம்ல அந்த கொறையிற பேஸ ரூமே தூக்கி விடும், எங்க கூடம் தூக்கி விடாது, இருக்கறதையும் முத்தத்துல விட்டுடும். அது போக அஞ்சு டெசிபல் சென்சிடிவிட்டி வித்தியாசம்னா ஆம்ப்ளிஃபையர் மூணு மடங்கு பவர் குடுக்கணும். ப்ரியோ சேனலுக்கு 50 வாட், கூடம் பெருசு, உக்காருற எடம் தள்ளி இருக்கு, கச்சேரி சூடு புடிக்கற எடத்துல எல்எஸ்50 கொஞ்சம் இறுக்கமா ஆகறது நல்லாவே தெரிஞ்சுது.

அதே நாற்காலி, அதே ரெக்கார்டிங், அதே அளவு சத்தம், லிண்டன மாத்துனேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ஐயா கண்ண தொறந்து என்ன பாத்தாரு, "இப்ப விழுது"ன்னாரு, வேற எதுவும் சொல்லல, தாளம் போட ஆரம்பிச்சுட்டாரு. கடையில ஊதலா கேட்ட அதே பேஸ் எங்க கூடத்துல அளவா வந்து நின்னுச்சு, மீதி இருந்த ஊதல் முத்தம் வழியா போயிடுச்சு. லிண்டன் கொஞ்சம் இதமான ஸ்பீக்கர், மேல் சுருதிய எல்எஸ்50 அளவுக்கு பளிச்சுன்னு காட்டாது, எங்க ஆக்சைடு தரைக்கு அதுவும் சரியா போச்சு. எல்எஸ்50ல நாயனம் மேல் ஸ்தாயிக்கு போறப்ப தரையில பட்டு வர்ற கூர்மை கொஞ்ச நேரத்துல காத களைக்க வச்சுது, லிண்டன்ல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் உக்காந்து கொல்லையில தவளை அடங்குற வரைக்கும் கேட்டோம், யாருக்கும் அலுப்பு தட்டல.

இதனால எல்எஸ்50 மட்டம்னு சொன்னா அது பொய். மறுநாள் அத என் தம்பி ரூமுக்கு தூக்கிட்டுப் போனோம், பன்னெண்டுக்குப் பத்து அடி, கதவு ஜன்னல் சாத்துனா அடைச்ச ரூம். பன்னெண்டு அடி நீளத்துக்கு சத்தம் 47 ஹெர்ட்ஸ் பக்கம் தேங்கும், அதோட ரெட்டிப்பு 94 பக்கமும் தேங்கும், சத்தத்தோட வேகத்த நீளத்தோட ரெட்டிப்பால வகுத்தா வர்ற கணக்கு அது. எல்எஸ்50 எங்க கொறையுதோ அங்கயே ரூம் கை குடுக்குது. அந்த ரூம்ல அது ராஜா. லிண்டன அங்க வச்சா கடையில கேட்ட அதே ஊதல், இன்னும் கொஞ்சம் கூட. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கதவு தள்ளி வச்சா தீர்ப்பு மாறுது, அப்பறம் எவனோ ஒருத்தன் அவன் ஊர்ல அவன் ரூம்ல வச்சு கேட்டு அஞ்சு ஸ்டார் குடுத்தத நம்பி எப்படி காசு கட்டுறது.

இன்னொரு விஷயம், நம்ம கேக்கற பழைய சரக்கு பெரும்பாலும் மோனோ, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் தான் வரும். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956லயே போயிட்டாரு, அவர் வாசிச்சு நமக்கு கெடைக்கறது எல்லாம் மோனோ ரெக்கார்டிங் தான். எங்க அப்பா திருச்சி வானொலியில வந்த கச்சேரிய எல்லாம் கேசட்ல புடிச்சு வச்சிருக்காரு, அதுவும் மோனோ, கூட இரைச்சலும் உண்டு. பல பேரு நல்ல ஸ்பீக்கர்ல பழைய ரெக்கார்டிங் போட்டா குப்பையா கேக்கும்னு பயப்படறாங்க, அப்படி இல்ல, இரைச்சல் தனியா ஒரு தளத்துல நிக்கும், வாத்தியம் தனியா முன்னாடி வரும், கொஞ்ச நேரத்துல காது இரைச்சல ஒதுக்கிடும். மோனோவால டெமோல ஒரு பெரிய உபயோகமும் இருக்கு. மோனோ பாட்டு ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல கச்சிதமா ஒரு எடத்துல நிக்கணும், ஒரு பக்கமா இழுத்தா ஸ்பீக்கர் வச்ச தூரம் சரியில்லன்னு அர்த்தம், இல்ல ஒரு பக்க செவுரு மட்டும் சத்தத்த திருப்பி அனுப்புதுன்னு அர்த்தம். எங்க கூடத்துல ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் முத்தம், அதனால எல்லாமே செவுத்து பக்கம் சாஞ்சு கேட்டுச்சு. எல்எஸ்50 இந்த விஷயத்துல லிண்டன விட நல்லா இருந்துச்சு, அத ஒத்துக்கணும், ட்வீட்டரும் கோனும் ஒரே புள்ளியில இருக்கறதோட பலன் அது.

அதுக்கு செஞ்ச வைத்தியம் செலவே இல்லாதது. நாற்காலியில நான் உக்காந்துக்கிட்டு, தம்பிய செவுத்தோரமா கண்ணாடிய புடிச்சுக்கிட்டு நடக்க சொன்னேன், எந்த எடத்துல கண்ணாடியில ஸ்பீக்கர் தெரியுதோ அங்க பட்டு தான் சத்தம் திரும்பி வருது. அந்த எடத்துல எலவம்பஞ்சு மெத்தைய நிக்க வச்சோம். கோரப்பாய் தொங்க விட்டுப் பாத்தோம், ஒரு பிரயோஜனமும் இல்ல, ரொம்ப மெல்லிசு. பஞ்சு மெத்தை வச்ச உடனே பாட்டு நடுவுல வந்து உக்காந்துச்சு. தரையில ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவுல ஜமக்காளம் ரெண்டா மடிச்சு போட்டதுல தரையில பட்டு வர்ற கூர்மையும் கொறஞ்சுது.

இப்ப கரண்ட். கடையில உங்களுக்கு தெரியவே தெரியாத விஷயம் இது. குறுவை நேரத்துல சுத்துப்பட்டு மோட்டார் எல்லாம் ஓடறப்ப எங்க வீட்டு ஸ்டெபிலைசர்ல 190 வோல்ட் வரைக்கும் இறங்கி பாத்திருக்கேன், 230 வர வேண்டிய எடத்துல. டெமோவ அந்த நேரத்துல வைங்க, சித்திரை மாச மத்தியானத்துல வச்சு பிரயோஜனம் இல்ல. வீட்டுல இன்வர்ட்டர் இருந்தா கரண்ட் போறப்பவும் ஒரு தடவ கேட்டுப் பாருங்க, ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்னா ஆம்ப்ளிஃபையர் ட்ரான்ஸ்ஃபார்மரே உறுமும். எங்களுக்கு முதல் நாள் ஸ்பீக்கர்ல ஒரு ஹம் வந்துச்சு, பாட்டு இல்லாதப்ப உம்ம்னு. லேப்டாப் சார்ஜர புடுங்குனா நின்னுச்சு. வந்தது ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து இல்ல, வீட்டு எர்த் பலவீனம். எலக்ட்ரீஷியன் வந்து பாத்தா உப்பும் கரியும் போட்ட எர்த் குழி காஞ்சு கெடக்கு, கூடத்து பிளக் பாயின்டுக்கு எர்த் வயரே இழுக்கல. புது வயர் இழுத்து குழிக்கு தண்ணி ஊத்துன பிறகு சுத்தமா போயிடுச்சு. வெயில் காலத்துல அப்பப்ப குழிக்கு தண்ணி ஊத்த சொல்லியிருக்காரு.

ஆம்ப்ளிஃபையருக்கு ப்ரியோவோட கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்ஏ81ம் அனுப்பியிருந்தாங்க. அது 80 வாட், டிஜிட்டல் இன்புட், ப்ளூடூத் எல்லாம் உள்ளயே இருக்கு. லிண்டனோட கேட்டப்ப ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருந்துச்சு, ஆனா ஸ்பீக்கர மாத்துனப்ப வந்த வித்தியாசத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, சத்தத்த சமம் பண்ண பிறகு எது ஓடுதுன்னு என் தம்பியால சொல்ல முடியல. எல்எஸ்50 தான் எடுக்கறதா இருந்தா நான் யோசிக்காம 80 வாட் எடுத்திருப்பேன். 90 டெசிபல் லிண்டனுக்கு 50 வாட் எங்க வீட்டுல தாராளம். அப்பாவோட எல்பி எல்லாம் இருக்கு, ப்ரியோவுல எல்பி ப்ளேயர மாட்டற ஃபோனோ இன்புட் இருக்கு, சிஎக்ஸ்ஏ81ல அதுக்கு தனிப் பெட்டி வாங்கணும், அதோட முடிஞ்சுது.

செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊரு ஈரப்பதத்துல கோன சுத்தி ஃபோம் வச்ச பழைய ஸ்பீக்கர் இருந்தா விரலால லேசா தொட்டுப் பாருங்க, பொடிப்பொடியா உதிர்ந்தா ரிப்பேர் செலவையும் வெலையில சேத்துக்கங்க. ரப்பர் வச்சதுன்னா தைரியமா பேசலாம்.

டீலர் சர்வீஸ்ல எனக்கு இருந்த கொற ரெண்டு தான். ஸ்டாண்ட் அனுப்பாதது ஒண்ணு, கொண்டாந்த ஸ்பீக்கர் வயர் நீளம் பத்தாம நான் கும்பகோணம் போயி வாங்கிட்டு வந்தது ஒண்ணு. கேட்டப்ப மழுப்பாம ஒத்துக்கிட்டாங்க, வயர் காச பில்லுல கழிச்சாங்க. எடுத்துட்டு போக வந்தப்ப எதுவும் வாங்குங்கன்னு நச்சரிக்கல, "யோசிச்சு சொல்லுங்க சார்"னு தான் சொன்னாரு. புது செட் வந்தப்ப பாக்ஸ எங்க முன்னாடி பிரிச்சு, ரெண்டு ஸ்பீக்கரோட சீரியல் நம்பரையும் வாரண்டி கார்டுல இருக்கறதோட சரி பாத்து, நான் மார்க் பண்ணி வச்சிருந்த எடத்துலயே வச்சு குடுத்துட்டுப் போனாங்க. தம்பி இப்ப அவன் ரூமுக்கு எல்எஸ்50 கேக்கறான், பொங்கலுக்கு அப்பறம் பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.